பீப்பாய்களை எடுக்கச் சொன்ன பரமேஸ்வரி அக்கா

வல்வெட்டித்துறையில் தேங்காய் எண்ணெய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நடராசா சைக்கிளில் வந்து இறங்கினார். "அண்ணை, பொம்பர் வந்து எங்கடை வளவிலை குண்டு போட்டிட்டுது. பரமேஸ்வரியக்கா செத்துப் போனா. மற்ற ஆக்களுக்கு ஒண்டுமில்லை" என்றார். "எந்தப் பரமேஸ்வரியக்கா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பரமேஸ்வரி அக்கா ஒருவர்தான். இன்று முப்பத்தோராம் நாள். இன்னமும் நம்ப முடியவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கொழும்பில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்து, எண்பத்துமூன்று கலவரத்தோடு ஊருக்கு வந்தவர். நெல்லியடிக்குப் பக்கத்தில் நான் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது வேலை கேட்டு வந்தார். முதல் நாள் ஒரு சவர்க்காரக் கட்டியைக்கூடத் தொடவில்லை. மூலையில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். சம்பளம் கொடுத்து வேடிக்கை பார்க்க ஓர் ஆளா என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள், வெட்டும் மேசையில் நிற்கும் ராணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அடிக்கடி காலை நனைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னார். மத்தியானம் பார்த்தால் நிலமெல்லாம் வெள்ளைக் காலடி. மேசையிலிருந்து தராசுக்கு, தராசிலிருந்து பின் அறைக்கு, திரும்ப மேசைக்கு. "தம்பி, உந்தப் பிள்ளை காலமையிலையிருந்து பருத்தித்துறைக்கு நடந்து முடிச்சிட்டாள். சவர்க்காரம் இன்னும் உங்கைதான் கிடக்கு" என்றார். அன்றே தராசை மேசையருகே மாற்றினோம். "இண்டைக்குக் கால் உளையேல்லை" என்று ராணி சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பொருளாதாரத் தடை வந்து, சவர்க்காரம் காய்ச்சத் தேவையான காஸ்டிக் சோடா குதிரைக்கொம்பானது. வெட்டும்போது விழும் துண்டுகளைச் சேர்த்து மறுபடி காய்ச்சுவதை நான் பெரிய சிக்கனமாக நினைத்திருந்தேன். விறகும் வீண், நேரமும் வீண் என்று அக்கா சவர்க்காரம் வெட்டும் மரச்சட்டத்தையே திருத்திவைத்தார். துண்டு விழுவது ஏறக்குறைய நின்றது. "மிச்சத்தைச் சேர்க்கிறதிலை என்ன கெட்டித்தனம்? மிச்சம் வராமல் பாக்கவேணும்" என்பார். அதிலும் அவர் சொன்னதைக் கேட்டேன். சவர்க்காரம் கூடினால் கேட்காமல் என்ன செய்வேன்?

ஒன்றில் மட்டும் கேட்கவில்லை. குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர் வளவின் பின்மூலையில் இருந்தது. அங்கே போக மதிலுக்கும் கொட்டிலுக்கும் இடையிலிருந்த ஒரே வழியில் ஓட்டை எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்தேன். தடைக்காலத்தில் எங்களில் யார்தான் எதை எறிந்தோம்? ஓட்டைப் பீப்பாயும் ஒருநாள் உதவும் என்ற எண்ணம். ஒடுங்கிப் போயும் ஒருவர் புகலாம்தானே என்று விட்டுவிட்டேன்.

"தம்பி, உதுகளை எடுத்துவிடுங்கோ. உயிருக்கு ஓடுற ஓட்டத்திலையும் நிண்டு நிண்டு போகவேண்டிக் கிடக்கு" என்று அக்கா சொன்னார்.

"ஓமக்கா, வாற கிழமை பாப்பம்" என்றேன். அவர் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அதே பதில்.

அன்று பொம்பரின் இரைச்சல் கேட்டதும் எல்லோரும் அந்த இடுக்கை நோக்கி ஓடியிருக்கிறார்கள். "நெருக்குப்படாதேங்கோ, ஒராள் ஒராளாப் போங்கோ எண்டு எங்களை முன்னாலை விட்டிட்டுக் கடைசியா நிண்டவா" என்று ராணி அழுதாள். இடுக்குக்குள் நுழையாமல் பீப்பாய்களுக்கு வெளிப்பக்கம் நின்றபோதே குண்டுச் சிதறல் அவரைத் தாக்கியது. அவருக்கு முன்னால் ஒருவர்கூட மிச்சமிருக்கவில்லை. அடுத்தது அவர்தான்.

இந்த நினைவுமலருக்கு அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய தங்கை கேட்டார். எழுதியவை எல்லாம் உண்மை. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் எனக்குள் கேட்பது நான் சொன்ன அந்தப் பதில்தான். சாகும்வரை அதை வைத்திருப்பேன். செத்தவீட்டுக்கு மறுநாள் நானும் நடராசாவும் அந்தப் பீப்பாய்களை எடுத்து வெளியே போட்டோம். கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.