உலக்கையும் நூலும்

ஈர அரிசிமா மணந்தால் எனக்குப் பொங்கல் ஞாபகம் வருவதில்லை. அப்பாவின் கைகள்தான் வருகின்றன, கூடவே ஒரு கூச்சமும்.

இப்போது துறைமுகச் சுற்றுமதிலுக்குள் போய்விட்ட எங்கள் குறுகலான ஒழுங்கை வீடுகளில் கோலம் பெண்களின் வேலை. பகலில் துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்த அப்பாவுக்கு மற்றப் பொழுதெல்லாம் கேத்திரகணிதம்தான். அளவுகோலைத் தொடவே மாட்டார். கோட்டுக்கு ஒரு விளிம்பும் வட்டத்துக்கு ஒரு கவராயமும் போதும் என்பார். பொங்கலன்று விடியமுன், அம்மாவின் உலக்கையை விளிம்பாகவும் ஆணியில் கட்டிய நூலைக் கவராயமாகவும் வைத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி முற்றத்தில் குந்தியிருந்து, வட்டத்தின் மேல் வட்டமாக மாவைச் சிந்தி, எல்லாப் பக்கமும் ஒத்த ஓர் ஐங்கோணத்தை மெல்ல எழுப்புவார். கப்பல் சங்கு ஊதி ஒழுங்கை விழிப்பதற்குள் முடித்துவிடவேண்டுமே என்று நானும் அம்மாவும் வாசல் படலையைப் பார்த்தபடி தவிப்போம்.

ஒருமுறை அவர் எழும்பி நின்ற அதே நேரம் பக்கத்து வீட்டு மாமி படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"என்ன வடிவு! ஆர் போட்டது? நீங்களோ?"

"ஓம், நான்தான்," என்றார் அம்மா. எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"மூலையெல்லாம் எப்பிடி இவ்வளவு சரியா வந்தது?"

அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் விடியவிடிய நிறுவிக் காட்டக்கூடிய அப்பா, மா அப்பிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.