ஒரே பெயரில் இரண்டு வீடுகள்

புனிதன் மாமா மலையூரான பிரிஞ்சாங்கின் ஹோட்டல்களுக்கு இணைய இணைப்பு கொடுப்பவர். சுவரில் பெட்டியை மாட்டி, அதிலிருந்து மோடத்துக்கு வயர் இழுத்து, நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுவார். பச்சை விளக்கு எரியும். அவர் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைனில் மட்டும் இணைப்பு கிடையாது. வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்கிறார்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு லைனுக்குத் திரும்பிய மாதம், அவர் மகள் சசிரேகாவை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. வியாழன் காலை பத்து மணி, காணொளியில். லைனில் கைப்பேசிக்குச் சிக்னல் நிற்காது. டவுனுக்குப் போகலாமென்றால் மண் சரிந்து சாலை மூடிக்கிடந்தது.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஹரிதாஸுக்கு மேட்டில் வீடு. அங்கே இணைப்பு உண்டு. மாமா அங்குள்ள சுவர்ப் பெட்டியிலிருந்து வயர் இழுத்து, கிராணியின் பயனர் பெயரையே தன் மோடத்திலும் தட்டினார். ஆனால் ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் இணைய முடியும். இன்னொன்று நுழைந்தால் முதலாவது அறுந்துவிடும்.

"பத்துலேர்ந்து பதினொன்னு வரைக்கும் உங்க மோடத்த ஆஃப் பண்ணி வச்சா போதுங்கய்யா," என்று நேர்காணலுக்கு முதல் நாள் மாமா கிராணி வீட்டுப் பின்வாசலில் நின்று கேட்டார்.

"எடுத்துக்க லா. டீச்சராகட்டும் புள்ள," என்றார் கிராணி.

ஹோட்டல் மேனேஜர்களின் அறைக்குள்கூடச் செருப்போடு நடக்கும் மாமா, கிராணி வீட்டுக் கூடத்துக்குள் போய்த் தானே சுவிட்சை அணைக்கக் கூசினார். கிராணியோ காலையில் மோடத்தை அணைக்கவும் மனைவியிடம் சொல்லவும் மறந்து ஆபீசுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு, ஏன் ஆசிரியராக வேண்டும் என்று கல்லூரியினர் திரையில் கேட்டார்கள். சசிரேகாவின் இரண்டாவது வாக்கியத்தில் திரை உறைந்தது. மாமா மறுபடி இணைத்தார். ஒரு நிமிஷத்தில் மீண்டும் போனது. மேலே கிராணியின் மனைவி செல்லம்மா மோடத்தை அணைத்து அணைத்துப் போடுகிறார் என்று புரிந்ததும் மாமா மண்பாதையில் ஓடினார்.

பின்வாசலில் மூச்சிரைக்க நின்றவரைப் பார்த்துச் செல்லம்மா சிரித்தார். "வந்துட்டியா? காலையிலேர்ந்து லைன் படுத்துது. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். இப்ப வந்துருச்சு லா."

"கொஞ்சம் அணைச்சு வைங்கம்மா. என் புள்ளைக்கு இண்டர்வியூ."

"ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதா!"

அவர் திரும்பி வந்தபோது இணைப்பு அறுபடாமல் நின்றது. எதிர்முனையில் ஆளில்லை. நேர்காணல் முடிந்ததாகத் திரையில் ஒரு வரி மட்டும் இருந்தது.

"மறுபடி கூப்புடுவாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். கல்லூரிக்கு எழுதினோம். இந்த ஆண்டு வேறு வாய்ப்பு இல்லை என்று மறுநாளே பதில் வந்தது.

"உள்ள போயி நானே அணைச்சிருக்கணும்," என்றார் மாமா.

"விடுங்கப்பா," என்றாள் சசிரேகா.

சாலை திறந்த அன்று அவள் கோலா தெர்லா ஊர்க் காய்கறித் தோட்டத்துக்கு முட்டைக்கோஸ் அடுக்கும் வேலைக்குப் போனாள். அவள் லோரியில் ஏறும்வரை மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.