கூடத்துப் புதினா

தொண்டியில் எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. துவைக்கலாம், குளிக்கலாம், முடி கொட்டினால் பரவாயில்லை என்பவர்கள் தலைக்கும் ஊற்றலாம். குடிக்கவும் உலை வைக்கவும் தெருமுனைக் குழாயில் வரும் நல்ல தண்ணீர்தான். அது வருகிற நாளில் வரிசையில் நின்று, சண்டை போட்டு, நாலு குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது நான்.

என் கணவர் பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு ஊரோடு வந்தபோது, வண்டி தள்ள ஒரு கை கூடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைத்தான் அடிக்க வேண்டும். அவர் புதினா வளர்க்க ஆரம்பித்தார். அதுவும் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, வெள்ளைத் தொட்டிகளில். அங்கே முதலாளி வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தார்களாம். செடிக்குத் தலைக்கு மேல் தனி விளக்கு வேறு. எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் பாருங்கள்!

உப்புத் தண்ணீர் ஊற்றியதில் முதல் தொட்டி கருகிப்போனது. அன்றிலிருந்து என் குடத்தில் கை வைத்தார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் விஷயத்தில் நெய் பெண்டாட்டியுடையது, கை இவருடையது.

சரி, செடி குடித்ததற்காவது பலன் வேண்டாமா? பிரியாணிக்கு நாலு இலை கிள்ளப் போனேன்.

"ஏய், கை வைக்காத! இப்பத்தான் தழையுது. கடையில ஒரு கட்டு வாங்கிக்க புள்ள."

வீடு நிறையப் புதினாவை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புதினா வாங்கிய ஒரே பொம்பளை இந்தக் கடற்கரையில் நானாகத்தான் இருப்பேன். வந்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள், போட்டோ எடுத்தார்கள். வண்டி தள்ளித் தள்ளி இறங்கிப்போன என் தோள்பட்டையை யாரும் எடுக்கவில்லை.

போன கோடையில் எங்கோ குழாய் உடைந்து தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோனது. லாரியும் வரவில்லை. கடைசிக் குடத்தின் அடியில் கிடந்த கொஞ்சத்தை நாங்கள் குடிப்பதற்கென்று மூடி வைத்துவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்தால் குடம் காலி. தொட்டிகளில் மண் ஈரமாக இருந்தது.

"வாடிப்போயி நின்னுச்சு. பாவமா இருந்துச்சு" என்றார்.

பாவமாம்! இத்தனை வருஷத்தில் நான் வாடி நின்றது ஒருநாளாவது அவர் கண்ணில் பட்டிருக்கிறதா?

அவர் வெளியே போன நேரம் பார்த்து, ஒரு தொட்டி விடாமல் மொட்டையடித்தேன். பச்சை மிளகாயை அள்ளிப் போட்டு, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் துவையல் அரைத்து, காலையில் வடித்த சோற்றோடு வைத்தேன். வந்தவர் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்து பிசைந்தார். இரண்டாவது கவளத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"தண்ணி... தண்ணி கொண்டா."

"உங்க பங்குத் தண்ணி அந்தத் துவையல்லதான் இருக்கு" என்றேன். "மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க."