பின்சீட்டும் பெட்ரோல் முள்ளும்

1. காலி டேங்க்

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு காரைக்காலில் எடுத்த முதல் வேலை சேவியர் சாருடைய கார். பிரான்ஸிலிருந்து திரும்பியவர், தன் தாயாரின் பழைய காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். ‘ப்ராஜெக்ட் கார்’ என்பார்.

“டேங்க்ல ரெண்டு லிட்டர்கூட இல்லீங்க. முள்ளு ஃபுல்லுங்குது. பங்க்காரன் பாத்தா அழுவான்” என்றார்.

அவர் மனைவி மேரியம்மா சிரிக்கவில்லை. “நெரவியில அத்தை வீட்டு வாசல் வந்தா முள்ளு ஏறுதுண்ணே. மாதா கோயில் வாசல்ல எறங்கிடுது. ஞாயித்துக்கிழமை பூசைக்கு அத்தை ஏறுற எடம், எறங்குற எடம். அவங்க செத்து ஆறு வருஷமாச்சு. இது சரியாவலன்னா வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. நான் ஏற மாட்டேன்.”

பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைக் கழற்றினேன். ஆறு ஸ்க்ரூ. தொலைந்துவிடுமோ என்று மூன்று முறை எண்ணி வைத்தேன். பெட்ரோலில் மிதக்கவேண்டிய ஃப்ளோட்டில் ஓட்டை, பெட்ரோல் குடித்திருந்தது. புதியது போட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஓட்டை ஃப்ளோட் மூழ்கும்; முள் காலி என்று காட்டும். ஃபுல் எப்படிக் காட்டும்?

2. இடது பக்கம்

மறுநாள் சாரும் நானும் முன்சீட்டில் உட்கார்ந்து நெரவிக்குப் போனோம். புதுத் தார் ரோடு, ஒரு பள்ளம் கிடையாது. அந்த வீட்டு வாசலில் நிறுத்தியதும் முள் மெல்ல ஏறி ஃபுல்லில் நின்றது. மாதா கோயில் வாசலில் இறங்கியது.

திரும்பி வந்து பின்சீட்டைத் தூக்கினேன். டேங்க் யூனிட்டின் ஒயர் அதன் அடியில்தான் போகிறது. இடது பக்கம் சீட் ஸ்ப்ரிங் உரசி ஒயரின் தோல் போயிருந்தது. சீட்டைப் போட்டு அங்கே உட்கார்ந்தேன். ஸ்ப்ரிங் அழுந்தி ஒயர் வண்டியின் பாடியில் பட்டு எர்த் ஆனது; எர்த் ஆனால் முள் ஃபுல். எழுந்தேன், இறங்கிவிட்டது. நான்கு முறை செய்து பார்த்து, நிம்மதியோடு மேரியம்மாவிடம் விளக்கினேன்.

“அப்ப ஆள் உக்காந்தாத்தான் ஏறுமா?”

“ஆமாங்கம்மா.”

“நீங்க ரெண்டு பேரும் முன்னாடிதானே இருந்தீங்க?”

சார் என்னைப் பார்த்தார். நான் இன்சுலேஷன் டேப்பைத் தேடினேன்.

ஒயருக்கு ஸ்லீவ் போட்டு, ஸ்ப்ரிங்குக்கு எட்டாமல் ஓரமாக எடுத்துக் கட்டினேன். “நானே வந்து பாத்துடுறேன்” என்று மேரியம்மா முன்சீட்டில் ஏறினார். எனக்குப் பின்சீட்டில் வலது பக்கம்.

நெரவி வீட்டு வாசலில் வண்டி நின்றது. முள் காலியைவிட்டு அசையவில்லை. எனக்குப் பக்கத்தில், இடது பக்கம், சீட் கிறீச்சிட்டு அழுந்தியது.

மேரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னார்: “மெதுவா ஓட்டுங்க. அத்தைக்கு வேகம் ஆவாது.”

வண்டி பழைய இரும்புக்குப் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீட்டர் பொய் சொல்கிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அது எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அன்று மாதா கோயில் வாசலில் என் பக்கம் இறங்கினேன். பிறகு சுற்றி வந்து, இடது கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.