எதிர்வீட்டு மூச்சு

சில வருடங்கள் கேள்வி கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் குழு. பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிப்போய் இரைப்பு வருகிறதே, அது எதனால் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தமிழும் கன்னடமும் வரும் என்பதால் ஸ்ரீராம்புரத்தை என்னிடம் கொடுத்தார்கள். காலையில் பிரேசர் டவுனில் பஸ் ஏறுவேன். மார்கழிப் பனியில் ஊர் பாதி அழிந்து கிடக்கும். சர்ச் கோபுரத்துக்கு அடிப்பகுதி இருக்காது, மேம்பாலத்துக்கு மறுகரை இருக்காது. இறங்கும் இடம் வந்துவிட்டதைச் சந்துகளின் வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

முறை எளிமையானதுதான். நோய் உள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்போம். அதே தெருவில், ஏறக்குறைய அதே வயதில், நோயில்லாத இன்னொருத்தியையும் தேடிப் பிடிப்போம். இருவரிடமும் அதே கேள்விகளை அதே குரலில் கேட்க வேண்டும். இப்படி ஏராளமான ஜோடிகளைக் கேட்டு முடித்தால், பதில்கள் எங்கே திரும்பத் திரும்பப் பிரிகின்றனவோ அங்கே காரணம் இருக்கக்கூடும்.

அந்த 'அதே குரல்' லேசில் வரவில்லை. குழுவின் தலைவி மைசூர்ப் பக்கத்து டாக்டரம்மா. நோயாளி பேசும்போது அதிகமாகத் தலையாட்டாதே என்று பயிற்சியில் என்னைப் பலமுறை திருத்தினார். நோய் வந்தவர்கள் தங்கள் பழைய நாட்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்திருப்பார்கள், வராதவர்களுக்குத் தோண்ட அவசியமே இருந்திருக்காது, அதனால் நினைவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், நீயும் சேர்ந்து சாய்க்காதே என்பார்.

நான் எப்படிச் சாயாமல் இருப்பேன்? "சின்ன வயசுல இருந்த வீட்ல அடுப்பு எங்க இருந்துச்சு?" என்று கேட்டதுமே பெண்களின் கண்கள் சுவரின் மேல்மூலைக்குப் போய்விடும். பதில் உடனே வராது. எங்கேயோ போய்த் திரும்பி வருவார்கள். கூடவே நானும் போவேன். வேலூர்ப் பக்கத்து விறகடுப்பு, கோலார் தங்கவயல் லைன் வீட்டின் கரி அடுப்பு, மெல்ல மெல்லக் கனியும் மரத்தூள் அடுப்பு. நான் பிறக்காத வீடுகளின் அடுப்படிகள் எனக்குள் நிறைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் அவற்றில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து, யாருக்கோ சோறு வடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய இருமல் சந்தின் முனையிலேயே கேட்டது. வீட்டில் ஊதுவத்தி உருட்டிப் பிழைத்தவர். வாசனை சேர்க்காத வெறும் கரிமாவு. அதை மூங்கில் குச்சியில் உருட்டி உருட்டி உள்ளங்கை ரேகைகள் மட்டும் கறுத்திருந்தன. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகப் பேசினார். உங்களுக்கு இது எதனால் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு தண்ணித்தொட்டியில் மொண்டு பச்சைத்தண்ணி குடித்தாராம். வேண்டாம் என்று மாமியார் சொல்லியும் கேட்கவில்லையாம். "நானாத் தேடிக்கினதுதான்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவருக்கு ஜோடியாக அமைந்தவர் எதிர்வீட்டு அம்மா. இருவரும் ஒரே வருடம் அந்தச் சந்துக்கு மருமகள்களாக வந்தவர்கள். அக்காவின் வீட்டு முன்னறையில் பல வருடங்கள் சேர்ந்து உட்கார்ந்து உருட்டியவர்கள். அதே ஊர்த் தண்ணீர், அதே கரிமாவு. ஆனால் எதிர்வீட்டு அம்மாவுக்கு இருமல்கூட இல்லை. மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவார். எங்கள் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைத்திருக்காது.

அவர் முடியாது என்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீ எழுதிக்கினு போனா அப்பால வந்துடும் மேடம். வேணாம்."

திருஷ்டி பயம். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நோய் இருக்கிறது என்று சொல்ல யாரும் அஞ்சுவதில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் நாக்கு கூசும். வற்புறுத்தக்கூடாது என்பது விதி. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போது அக்கா தன் வாசலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்தார்.

"எனக்கு ஏன் வந்துச்சின்னு என்னைக் கேட்டா மட்டும் தெரியாதாம்டி. உனக்கு ஏன் வரலன்னும் கேக்கணுமாம். எனக்காக ஒக்காரு."

எதிர்வீட்டு அம்மா உள்ளே போய்ப் பாயோடு வந்தார். வாசலில் அதை உதறிப் போட்டார்.

தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சந்தில் ஒரு வீட்டில் பேசினால் எதிர்வீட்டில் கேட்கும். அக்கா தன் வாசற்படிக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இளவெயில் இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு துணி போல விழுந்து கிடந்தது. ஊதுவத்தி உருட்டிய அறையில் அடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். உள்மூலையில் மரத்தூள் அடுப்பு நாள்பூராவும் கனன்றுகொண்டிருக்கும், அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, நான் எப்போதும் வாசல் பக்கமாக உட்காருவேன் என்றார் எதிர்வீட்டு அம்மா.

எதிர்வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாசமா இருந்தாள்ல, பொகை பட்டா வாந்தி எடுப்பா. நீ இங்க ஒக்காருன்னுட்டு நான் உள்ளப் போனேன். அப்பறம் அதே எடமாப் பூடுச்சி."

பழைய தமாஷ் ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னார். எதிர்வீட்டு அம்மாவின் முகம் மாறியது. மீதிக் கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. கடைசியில் மூச்சை அளக்கும் கருவியின் குழாயைக் கொடுத்தேன். நெஞ்சு நிறைய இழுத்து, முழுவதும் தீரும்வரை ஊத வேண்டும். அவர் ஊதினார். திரையில் கோடு ஏறி, நிதானமாக நீண்டுகொண்டே போனது. காலையில் அக்கா ஊதிய கோடு பாதியிலேயே சோர்ந்து படுத்திருந்தது. எதிர்வாசலில் அக்கா கை தட்டினார். எதிர்வீட்டு அம்மா குழாயை என் மடியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது யக்காவோட மூச்சு மேடம்" என்றார்.

இரண்டு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது, வேறு பல காரணங்கள் இருக்கலாம் என்று ஏதோ சொன்னேன். சொன்னது உண்மைதான். அது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எந்தக் கேள்வியிலும் 'நீங்கள் எங்கே உட்காருவீர்கள்' என்பது இல்லை. அவர் கேள்வித்தாளை இழுத்து, அதன் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதினார். கதை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மனதைத் தொடுகிறது என்பதற்காக ஒரு கதையை நம்பிவிடக்கூடாது, எல்லோரையும் கேட்டுப் பார்ப்போம் என்றார். ஏற்கெனவே முடித்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போக வேண்டும் என்பது இதன் பொருள். போனோம். நிலைப்படி ஓரம், அடுப்புக்குப் பக்கத்தில், கட்டிலை ஒட்டி, பரணுக்கு அடியில் என்று ஒவ்வொருத்தியும் தன் பழைய இடத்தைக் கைகாட்டினாள். இடித்துக் கட்டிய வீடுகளில்கூட, இல்லாத சுவரைக் காட்டி இங்கே என்றார்கள். நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன்.

அக்காவின் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் இப்போதெல்லாம் பேசுவதில்லை, தன்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள் என்று அக்கா ஒருமுறை சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம் என்று நினைக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணக்கெல்லாம் முடிந்து முடிவு வர வெகுகாலம் ஆயிற்று. வந்ததும், பதில் சொன்ன பெண்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். ஸ்ரீராம்புரத்தில் கோயிலை ஒட்டிய ஒரு கூடத்தில் எல்லோரையும் கூட்டினோம். புகை போக வழியில்லாத அறையில், அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவர்களில்தான் நோய் அதிகம் இருந்தது. டாக்டரம்மா இதைக் கன்னடம் கலந்த தன் தமிழில் மெதுவாகச் சொன்னார். அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் வரவில்லை, வந்த ஒவ்வொருவருக்கும் இதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அக்கா கையைத் தூக்கினார். பச்சைத்தண்ணி குடித்ததைப் பற்றி அந்தக் கணக்கில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். அதுவும் கேள்விகளில் இருந்தது, குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. அக்கா கையை இறக்கவே இல்லை. அந்தரத்தில் அது அப்படியே நின்றது. மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். யாரிடம் போய் இதைச் சொல்வது என்று தேடுவது போல இருந்தது அவர் பார்வை.

பின்வரிசையிலிருந்து எதிர்வீட்டு அம்மா எழுந்தார்.

"நான் உள்ள ஒக்காந்திருந்தா அவங்களுக்கு வந்திருக்காதா?"

டாக்டரம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் போனார்.

"எனக்குத் தெரியாதும்மா. ஒங்களுக்கு வந்திருக்கலாம். ரெண்டு பேருக்குமே வந்திருக்கலாம். யாருக்கும் வராமலும் போயிருக்கலாம். ஜன்னல் இல்லாம ரூமக் கட்டி, அதுல ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சாங்களே, தப்பு அங்க இருக்கு. ஒங்க கிட்ட இல்ல."

எதிர்வீட்டு அம்மா சமாதானம் ஆனாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்தபோது அவர் போய் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நடந்தேன். மாலை வெளிச்சம் மஞ்சளாக, தூசியோடு மிதந்துகொண்டிருந்தது. யார் வீட்டு ரேடியோவிலோ கன்னடப் பாட்டு. ரோட்டோரத்து மரம் இளஞ்சிவப்புப் பூக்களைக் கொட்டியிருந்தது, ஆட்டோக்கள் அவற்றின் மேல் சத்தமில்லாமல் போவது போல் இருந்தது. அக்கா கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார். எதிர்வீட்டு அம்மாவும் நிற்பார். முதுகைத் தடவவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வெறுமனே பக்கத்தில் நின்று, தெருவை வேடிக்கை பார்த்தார். மூச்சு திரும்பியதும் இருவரும் மறுபடி நடந்தார்கள். அந்தச் சிறிய தூரத்தைக் கடக்க அத்தனை நேரம் ஆனது, இருவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

சந்து முனையில் அக்கா மறுபடி நின்றபோதுதான் எதிர்வீட்டு அம்மா வாய் திறந்தார்.

"முருங்கக்கா போட்டு சாரு வெச்சிக்கிறேன்க்கா. துன்னுட்டுப் போ."

"உப்பு கம்மியாப் போட்டியா?" என்று கேட்டார் அக்கா.