குலசேகரம் பஸ்ஸை நானே வாசித்தேன்

2013 தை மாதம் ஒரு சனிக்கிழமை, கடியப்பட்டணத்திலிருந்து குலசேகரத்துக்குத் தனியாகப் போய் வந்தேன். மகள் ரீத்தாவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போன காலத்தில் எனக்கு எழுத்து தெரியாது. எழுபது வயதுக்கு மேல் கோயில் மாலை வகுப்பில் கற்றேன். வாசிக்கத் தொடங்கிய வேளையில் சர்க்கரை கண்ணைக் கெடுத்தது. புத்தகத்தை முகத்தருகே வைத்தால் தெரியும், பஸ் பலகை தெரியாது. ஒருமுறை மாறி ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கினேன். பிறகு மகன் தனியே விடவில்லை. இந்த முறை, "போங்க. வழி மாறினா இனி தனியா போகக் கேக்கக் கூடாது" என்றான்.

நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கைத் தொலைநோக்கிக் குழல் கொடுத்திருந்தார்கள். கட்டைவிரல் நீளம், ஒரு கண்ணுக்கு மட்டும், நாலு மடங்கு பெரிதாகக் காட்டும். கழுத்தில் தொங்கவிடலாம். பழக்கிக் கொடுத்த பிள்ளை ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. அவள் நல்லாயிருக்க வேண்டும்.

ஏழு மணிக்குக் குளச்சல். தக்கலை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் துறைமுகத்துக்கு நடந்தேன். வள்ளங்களைப் பார்க்கக் குழலைத் தூக்கினேன். நான் நின்றதோ மீன் ஏலத்தின் நடுவே. எங்கள் ஏலத்தில் கடைசியாகக் கை உயர்த்தியவருக்கு மீன். நான் கை உயர்த்தியதாக நினைத்து ஏலக்காரர் ஒரு குவியல் சாளை மீனை எனக்கு முடித்துவிட்டார். ஆயுள் முழுக்க ஏலம் பார்த்தவனுக்கே இந்தக் கதி.

"பாட்டா, சாளைய குழல் வச்சுப் பாத்தா வாங்குவிய?" என்றார் பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவரே அதே விலைக்கு அந்தக் குவியலை எடுத்துக்கொண்டார். நன்றி சொன்னேன். ஒருதரம் குழலைக் கேட்டு வாங்கிக் கடலைப் பார்த்துவிட்டுத் தந்தார்.

தக்கலையில்தான் உண்மையான சோதனை. தூணில் சாய்ந்து நின்று, வந்த பஸ்ஸின் நெற்றிக்குக் குழலைத் திருப்பினேன். கு... ல... சே... நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஓட முடியவில்லை. யாரிடமாவது கேட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் கேட்கவில்லை. இருபது நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. இம்முறை கூட்டவில்லை, சொல் முழுசாகக் கண்ணில் வந்து விழுந்தது. ஏறி, ஒரு டிக்கெட் என்றேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்.

குலசேகரத்தில் இறங்கி மறுபடி குழலை எடுத்தேன். எதிர்ப்பக்கம் ரீத்தா. அவளுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. பஸ்ஸின் முன்வாசலையும் பின்வாசலையும் மாறி மாறிப் பார்த்து என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான்தான் முதலில் கண்டேன். உடனே கூப்பிடவில்லை, கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைக் கண்டு பக்கத்தில் வந்ததும், "அண்ணன் எங்கப்பா?" என்றாள்.

"வரல்ல மக்கா."

போனில் அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னாள்: "தனியாத்தான் வந்திருக்காவ."

இப்படிக் கண் மங்கியவர்கள் பயணம் போவதானால்: நின்ற இடத்தில் மட்டும் பாருங்கள், நடந்துகொண்டு பார்த்தால் தலை சுற்றும். முதலில் வெறும் கண்ணால் பஸ்ஸைப் பிடித்துவிட்டுக் குழலைத் தூக்குங்கள். போகும் ஊரின் பெயரை வீட்டிலேயே பலமுறை எழுதிப் பழகுங்கள். மீன் ஏலத்தில் கையைக் கீழே வையுங்கள்.

சாயங்காலம் ரீத்தா பஸ் ஏற்ற வந்தாள். முன்பெல்லாம் கண்டக்டரிடம், "அப்பாவைப் பாத்து இறக்கி விடுங்க" என்பாள். அன்று ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினாள்.