ஒரு பழத்தில் இரண்டு நிறம்

என் தங்கச்சி மாப்பிள்ளை பழத்தை மோந்து பார்ப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேரள எல்லையோரம் காரோடு என்கிற ஊரில் லைன்மேன் வேலை அவருக்கு. மின்கம்பத்தில் ஏறும்போதுகூட அவ்வளவு கவனம் இருக்குமோ என்னவோ, வாழைப்பழத்தின் காம்பை அழுத்திப் பார்க்கவும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும் அவருக்கு நேரம் உண்டு. சந்தைப் பழம் கல் வைத்துப் பழுத்தது. பிராய்லர் கோழி ஊசி போட்டது. கொட்டையில்லாத திராட்சை அவர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. “வித்தில்லாத பழத்தைத் தின்னா வயித்துல எப்பிடி வித்து பிடிக்கும், மைனி?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் தக்காளியின் ஜீனை மாற்றி அழுகாமல் வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தார். அன்று முதல் அந்த ஜீனும் பட்டியலில் சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. வேறு யாராவது என்றால் ‘உனக்க சோலியப் பாரு’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன்.

அவரிடம் சொல்ல முடியவில்லை. என் தங்கச்சிக்கு இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. முதல் தடவை, அதற்கு முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் அவள் அன்னாசிப்பழம் தின்றிருந்தாள். அதனால்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த வாரமே, வேலியோரம் வரிசையாக நின்ற அன்னாசிச் செடிகளை மண்வெட்டியால் தோண்டி எறிந்தார். கையெல்லாம் முள் கிழித்து ரத்தம். அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு எதைத் தின்பதற்கு முன்பும் அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அதை நான் கவனித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வந்ததில்லை.

மூன்றாவது தடவை மூன்று மாதம் தாண்டியது. எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் வாந்தி நிற்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே, தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே. கை வளையல் முழங்கைவரை ஏறியது. இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான், செந்துளுவன். மற்ற ஊர்க்காரர்கள் செவ்வாழை என்பார்களே, அதுதான். சந்தைச் செந்துளுவனை அவர் உள்ளே விடமாட்டார். பாறசாலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற வாழைக் கூட்டத்தில் விளைந்தது மட்டும் சம்மதம். அதற்கும் ஒரு நாள் நேரில் வந்து, சோப்புத் தண்ணீர் வேருக்குப் போகிறதா என்று பார்த்து, வாய்க்காலை வேறு பக்கம் வெட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு காரோட்டுக்கு பஸ் ஏறுவேன்.

அந்தக் கூட்டத்தில்தான் அது நடந்தது.

செந்துளுவன் மரம் தண்டெல்லாம் சிவந்திருக்கும். ஒரு மரம் மட்டும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக எழும்பி வந்தது. வெயில் படாத பக்கம் போலும் என்று விட்டுவிட்டேன். பிறகு குலை தள்ளியது. மடல் ஒவ்வொன்றாக விரிந்து காய் வெளியே வந்தபோது நான் குடத்தைக் கிணற்றுக் கல்லில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். என் கர்த்தாவே! ஒரே குலை. ஒரு பக்கத்துக் காயெல்லாம் சிவப்பு, மறுபக்கத்துக் காயெல்லாம் பச்சை. இரண்டுக்கும் நடுவில் இருந்த காய்கள்தான் அதிசயம். ஒவ்வொரு காயும் காம்பிலிருந்து நுனிவரை பாதி சிவப்பு, பாதி பச்சை. கோடு ஒரு நூல் விலகவில்லை. நான் தையல் கடை வைத்துப் பிழைக்கிறவள். இரண்டு நிறத் துணியைச் சேர்த்துத் தைத்தால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் தையல் தெரியும். விரலால் தடவித் தடவித் தேடினேன். தையல் இல்லை.

அது முற்றும்வரை தினமும் காலையில் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. வேறு குலை எல்லாம் தீர்ந்திருந்த நேரம் அது. தங்கச்சிக்கு ஆறு மாதம். நன்றாக முற்றிய பிறகு முதல் சீப்பை வெட்டி வைக்கோலில் வைத்துப் பழுக்க வைத்தேன். பழுத்தபோது பச்சைப் பக்கம் மஞ்சளாகி இன்னும் அழகாக இருந்தது. அவளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் எடுத்துக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை பையைத் திறந்ததும் மோந்து பார்க்கவே இல்லை. பாம்பைப் பார்த்ததுபோல் பின்னால் போனார்.

“மைனி, இது ஜீன் மாத்தினதாக்கும். பஞ்சாயத்துல குப்பியில வளத்த வாழைக்கன்னு குடுத்தாங்க இல்லியா? உங்க பக்கத்து வீட்டு விளையில நிக்குதே! அதுல இருந்து இதுல ஏறியிருக்கு.”

“அது ஏத்தன் வாழை, வேற சாதி மாப்பிளே, இது எனக்க கிணத்தடியில நிக்குது. எப்பிடி ஏறும்? நடந்தா வந்துது?”

“எப்பிடிணு எனக்குத் தெரியாது. இவ தின்னண்டாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டினி கிடந்து சாகட்டுமா என்று கத்தினேன். அவர் பையை மடித்து என் கையில் கொடுத்தார். தங்கச்சி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பழத்தைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் கஞ்சி குடித்தாள். நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது பின்வாசலில் அவள் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஒரு பழத்தைத் துணியில் பொதிந்துகொண்டு கிருஷி பவனுக்கு, அதுதான் விவசாய ஆபீசுக்கு, போனேன். அங்கே புதிதாக வந்திருந்த ஆபீசர் ஒரு சின்னப் பெண், கோட்டயம் பக்கம். துணியை விரித்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “ஈஸ்வரா!” என்றாள். ஆபீசில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு என்கூடவே வீட்டுக்கு வந்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, அந்தக் கோட்டைத் தண்டிலிருந்து குலைவரை விரலால் தொடர்ந்து பார்த்தாள். படித்த பெண் அவள், எனக்கு இருந்த அதே ஆச்சரியம் அவளுக்கும்.

“புஸ்தகத்தில் படிச்சிட்டுண்டு சேச்சி. கண்டிட்டில்லா,” என்றாள். படித்திருக்கிறாளாம், கண்டதில்லையாம்.

“யாரு செய்த வேல இது?” என்றேன்.

“ஆரும் செய்ததல்ல. தன்னே மாறியதாணு.”

குருத்து முளைக்கிற இடத்தில் ஒரு துளியளவு தானாக மாறிவிடும், அந்தத் துளி வளர்ந்து போகிற வழியெல்லாம் நிறமும் மாறிப் போகும் என்று விளக்கினாள். ஆய்வுக்கூடத்தில் குப்பியில் வளர்க்கிற வாழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகத் தின்னலாம் என்றாள். நான் விடவில்லை. எதற்காக மாறுகிறது, மண்ணா, தண்ணீரா, நான் ஏதாவது தப்பாக வைத்தேனா என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்று அவள் கையை விரித்தாள்.

“அது அறிஞ்ஞூடா சேச்சி. ஆருடெயும் குற்றமல்ல.”

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. மறுநாளே மீதிக் குலையை அப்படியே வெட்டி ஆட்டோவில் ஏற்றி, பழுத்த சீப்பையும் எடுத்துக்கொண்டு காரோட்டில் போய் இறங்கினேன். மாப்பிள்ளை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குலையை நடு அறையில் வைத்து, ஆபீசர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் குலையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முழுக் குலையை அவர் அப்போதுதான் பார்க்கிறார். சிவந்த பக்கத்திலிருந்து பச்சைப் பக்கத்துக்கு மெதுவாகக் கையைக் கொண்டுபோனார். நடுக்கோட்டில் விரல் நின்றது. என்னைப் போலவே தையலைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“ஒரு காரணமும் இல்லாம எப்பிடி மைனி மாறும்?”

“அவளுக்கும் தெரியாதாம். யாருக்க குத்தமும் இல்லியாம்.”

கட்டிலில் படுத்திருந்த தங்கச்சி எழுந்து உட்கார்ந்தாள். “யாரும் ஒண்ணும் செய்யாமலா அக்கா?”

“ஆமா மக்கா.”

“உள்ள தன்னால மாறுமா?”

“மாறுமாம்.”

அவள் அந்தக் குலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பம் அது நான் தின்ன அன்னாசிப்பழம் இல்லியாக்கும்.”

அத்தனை வருஷமும் அந்த வீட்டில் அந்தப் பழத்தின் பெயரை யாரும் சொன்னதில்லை. அவருக்கு முகம் கோணியது. குந்தியிருந்த இடத்திலேயே, குலையில் வைத்த கையை எடுக்காமலே பேசினார்.

“இல்ல மக்கா. நீ தின்னதுனால இல்ல. எதையாவது தடுத்தா கலைஞ்சு போறது நிக்கும்ணு நெனச்சேன். எதைத் தடுக்கணும்ணு தெரியல்ல. அதனால எல்லாத்தையும் தடுத்தேன்.”

அவள் அழுதாள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதும் அழாதவள். அவர் எழுந்து பழுத்த சீப்பிலிருந்து நடுக்கோடு போட்ட ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, அவளிடம் நீட்டினார். தோலில் இரண்டு நிறம், உள்ளே ஒரே நிறம். தின்றாள். தங்கியது. அவளே கையை நீட்டி இன்னொன்று எடுத்தாள். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் நான் கிளம்பினேன். அவர் வேலியோரம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மைனி, உங்க வீட்டுல அன்னாசிக் கன்னு உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோன கன்றுகளை வேலி நெடுக நட்டார். பெண் பிள்ளை பிறந்தது. அது தவழத் தொடங்கியபோது நேராக அந்த வேலிக்குத்தான் போகும். முள் குத்திவிடும், முள் குத்திவிடும் என்று கத்திக்கொண்டு அதைத் தூக்கி வர ஓடுவதே அவருக்கு வேலையாக இருந்தது.